ஒற்றைச் சுவர் நூலகம்

நுழையும்முன்...

நூலகம் என்றதும் நெடிய கட்டடமும் வரிசை வரிசையான அடுக்குகளும் நம் நினைவில் எழுகின்றன. ஆனால், தமிழ் நூல்கள் பலவற்றைப் பல நூற்றாண்டுகள் காத்து நம்மிடம் சேர்த்தவற்றுள் எளிய வீடுகளும் அடங்கும். சிற்றூர் வீடொன்றின் ஒற்றைச் சுவரையும் நூலகமாக்க முடியும். அளவறிந்து அமைத்தால் அது நிலைக்கும். பொருளறிந்து வண்ணம் தீட்டினால் அது வழிகாட்டும். அத்தகைய வீட்டு நூலகத்தை அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சுவடி காத்த இல்லங்கள்

அரியலூர் மாவட்டத்தின் செம்மண் நிலப்பகுதிகளுள் ஒன்று ஆண்டிமடம். முந்திரித் தோப்புகள் நிறைந்த இவ்வட்டாரத்திற்கு அருகில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது; மேற்கே அரியலூரும், அதற்கப்பால் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னமும் செங்கணமும் உள்ளன. பின்னாளில் தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பட்ட உ.வே. சாமிநாதர் (1855 – 1942) தம் இளமையில் தமிழ் தேடி நடந்த ஊர்கள் இவை. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்னும் புலவரிடம் அவர் யாப்பருங்கலக்காரிகையைப் பாடம் கேட்டார். அந்நாளில் சிற்றூர்ப் புலவரின் வீடே பள்ளி. அவர் வைத்திருந்த சுவடிகளே நூலகம்.

பிற்காலத்தில் ஏடு தேடிப் பயணம் செய்தபோது இருவகைக் காட்சிகளை உ.வே.சா. கண்டார். சில இடங்களில் சுவடிகள் செல்லரித்தும் முறிந்தும் ஒன்றோடொன்று கலந்தும் கிடந்தன. திருநெல்வேலியில் கவிராயர் மரபினர் வீட்டிலோ சுவடிகள் முறையாகக் கட்டப்பட்டு, புழுதியும் பூச்சியுமின்றி அடுக்கடுக்காக விளங்கின. அவ்விடத்தின் ஒழுங்கைக் கண்டு வியந்ததைத் தம் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்துள்ளார். இரு காட்சிகளிலும் இருந்தது பனையோலையே. வேறுபட்டது பேணிய முறை. ஒரு நூல் வாழ்வதும் அழிவதும் அது வைக்கப்படும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அச்சுநூல்கள் பெருகிய பின்னரும் இம்மரபு தொடர்ந்தது. மறைமலையடிகள் பல்லாவரத்தில் தம் இல்லத்தில் பேணிய நூல்தொகுதி, அவர் மறைவுக்குப்பின் 1958ஆம் ஆண்டு சென்னையில் அவர் பெயரிலேயே பொது நூலகமாக மலர்ந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்த நூல்களும் இதழ்களும் அச்சுத் தாள்களும் ஏறத்தாழ ஓர் இலட்சம்; இன்று அவை சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகமாக உள்ளன. அண்ணல் அம்பேத்கர் 1930களில் மும்பையின் தாதர் பகுதியில் கட்டிய இராஜகிருகம் என்னும் இல்லத்தை, தம் நூல்கள் தங்குவதற்கேற்பவே வடிவமைத்தார்.

இடமும் அளவும்

சிறிய வீட்டில் நூலகத்திற்கெனத் தனியறை ஒதுக்க இயலாது; தேவையுமில்லை. ஓட்டு வீடாயினும் தொகுப்பு வீடாயினும் வாசற்கதவோ சமையலறைக் கதவோ மறைக்காத ஒரு சுவர் இருக்கும். அச்சுவரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கருத வேண்டும்: மழைநீர் கசியும் சுவரையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்த்தல், மாலை வெயில் நேரே விழாதிருத்தல், பகலில் விளக்கின்றிப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் கிடைத்தல். வெயில் படப்பட அட்டை வெளிறும். தாள் பழுப்பேறி நொறுங்கும்.

பெரும்பாலான தமிழ் நூல்கள் ஏறத்தாழ 22 செ.மீ. உயரமும் 14 செ.மீ. அகலமும் கொண்டவை. எனவே, 25 செ.மீ. உயரமுள்ள நான்கு தட்டுகளும், பாடநூல், அகராதி, நிலவரைபட நூல் ஆகியவற்றிற்காக 30 செ.மீ. உயரமுள்ள ஒரு தட்டும் போதும். அலமாரியின் ஆழம் 25 செ.மீ.; அகலம் 90 செ.மீ. இதனினும் அகன்ற பலகை, நடுவில் தாங்கல் இல்லையெனில் நூல்களின் சுமையால் வளைந்துவிடும். அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயர்ந்திருந்தால் கறையான் ஏறுவதை எளிதில் கண்டறியலாம். தரை கழுவும் நீரும் நூலைத் தொடாது. அலமாரியின் முழு உயரம் ஏறத்தாழ 160 செ.மீ. ஆகும். இல்லத்தில் உள்ளோர் பெரும்பாலும் ஏணியின்றியே மேல்தட்டை எட்டுவர்.

ஒரு நூலின் பருமன் சராசரியாக 2 செ.மீ. எனக் கொண்டால், ஒரு தட்டில் 45 நூல்கள் நிற்கும். கால்பங்கு இடத்தைக் காலியாக விட்டாலும் ஐந்து தட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 170 நூல்கள் அடங்கும். அக்காலியிடம் வீணன்று, இனி வரவிருக்கும் நூல்களுக்கான இருக்கை அது. நெருக்கிச் செருகிய நூலை உருவும்போது முதுகட்டை கிழியும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

புதிய மரம் வாங்க இயலாத நிலையில், சுவரில் பதித்த கடப்பைக்கல் தட்டுகளே போதுமானவை. கறையான் கல்லை அரிக்காது. ஆயினும் கல்லின்மேல் ஏறி நூலை அடையும் என்பதால் அவ்வப்போது பார்த்தல் இன்றியமையாதது. பழைய கதவுகளின் தேக்குப் பலகைகளும் பூச்சியை ஓரளவு எதிர்க்கும் வேப்பம்பலகைகளும் ஏற்றவை. பலகையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தினால் காற்று ஊடாடும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் நூலில் தங்காது.

வண்ணம் பேசும் மொழி

வண்ணம் அழகுக்கு மட்டும் உரியதன்று. அட்டைகளின் நிறத்தைப் பார்த்து நூல்களை வானவில்போல அடுக்குவோர் உண்டு. கண்ணுக்கு இனிதாயினும் அதில் ஒரு குறை இருக்கிறது. ஒரே புதினத்தின் முதற்பாகம் நீல வரிசையிலும் இரண்டாம் பாகம் மஞ்சள் வரிசையிலும் பிரிந்து போகும். எனவே, அட்டையின் நிறத்தை விடுத்து, பொருளுக்கு ஒரு நிறம் என வகுத்துக்கொள்வதே தக்க முறை.

ஒவ்வொரு தட்டின் பின்பலகைக்கும் ஒரு வண்ணம் தீட்டலாம். இலக்கியத்திற்குச் சிவப்பு, அறிவியலுக்கு நீலம், வேளாண்மைக்கும் இயற்கைக்கும் பச்சை, வரலாற்றிற்குக் காவி, சிறுவர் நூல்களுக்கு மஞ்சள் என அமையலாம். அதே நிறத்தாளில் விரல் அகலப் பட்டை ஒன்றை ஒவ்வொரு நூலின் முதுகிலும் அடிப்பகுதியில் ஒட்டிவிட்டால், எழுத்தறியாக் குழந்தையும் எடுத்த நூலை உரிய தட்டில் திரும்ப வைக்கும். அலமாரி வண்ணமயமாக இருப்பதால் சுற்றுச்சுவர் வெண்மையாகவோ வெளிர்நிறமாகவோ இருத்தல் நன்று. வெளிச்சம் பரவும், கண் களைக்காது. சிறுவர் நூல்களை அடித்தட்டிலும், அடிக்கடி எடுக்கும் நூல்களைக் கண்மட்டத்திலும் வைத்தல் முறை.

தெரிந்து தெளிவோம்

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ.இரா. அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இலும் கோலன் பகுப்பு முறையை 1933இலும் வெளியிட்டார். அவர் பிறந்த நாளான ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஐந்து விதிகளும் ஐந்து தட்டுகளும்

அரங்கநாதனின் விதிகள் பெரிய நூலகங்களுக்காக எழுந்தவை. ஆயினும் ஒற்றைச் சுவருக்கும் பொருந்துபவை. நூல் பயன்பாட்டிற்கே உரியது என்பது முதல் விதி. பரணில் மூட்டையாகக் கட்டிய நூலும் பூட்டிய பேழையில் வைத்த நூலும் இருந்தும் இல்லாதவையே.

படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் வேண்டும் என்பது இரண்டாம் விதி. பதினொன்றாம் வகுப்பு மாணவரின் பாடநூல்கள் மட்டுமே நிறைந்த அலமாரி, அவ்வீட்டாரின் நூலகம் ஆகாது. பாட்டிக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைநூல், முந்திரி பயிரிடும் தந்தைக்குத் தேயிலைக்கொசுவையும் தண்டுத்துளைப்பானையும் கட்டுப்படுத்தும் வழி கூறும் வேளாண் கையேடு, தம்பி தங்கைக்குப் படக்கதை என அனைவருக்கும் அதில் பங்கு வேண்டும்.

ஒவ்வொரு நூலுக்கும் உரிய படிப்பவரைச் சேர்ப்பது மூன்றாம் விதி. மாதம் ஒருமுறை சில நூல்களை அட்டை தெரியும்படி நிறுத்தி வைத்தால், மறந்துபோன நூலும் ஒருவர் கைக்கு வரும். படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்னும் நான்காம் விதியை வண்ணப் பட்டைகள் நிறைவேற்றுகின்றன. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாம் விதி. தட்டுதோறும் விட்டுவைத்த காலியிடம் அதற்கே.

பேணலும் பகிர்தலும்

வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் தூசி துடைத்தல், தட்டுகளின் மூலையில் வசம்புத் துண்டுகளையும் உலர்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து வைத்தல், மழைக்காலம் முடிந்ததும் நூல்களை எடுத்து நிழலில் காற்றாட விடுதல் ஆகியவை செலவில்லாப் பாதுகாப்பு முறைகள். வெயிலில் காயவைத்தல் கூடாது. நாற்பது பக்க ஏடு ஒன்றில் நூலின் பெயர், வந்த நாள், இரவல் பெற்றவர் பெயர், திரும்பிய நாள் ஆகியவற்றை எழுதி வந்தால், பகிர்வும் நடக்கும், நூலும் தொலையாது.

ஆண்டு முடிவில் பாடநூல்கள் பழைய தாள் கடையில் எடைக்குப் போவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கிலோவுக்குச் சில ரூபாய் பெறும் அந்நூல்கள், அடுத்த வீட்டு மாணவருக்கு ஓராண்டுத் துணையாகக் கூடியவை. தம் குடும்பத்தில் முதன்முதலாக மேனிலைக் கல்விக்கு வந்த மாணவருக்கு, வீட்டில் நிற்கும் ஐந்து தட்டுகள் ஒரு செய்தியைச் சொல்லும்: இவ்வீட்டில் படிப்பு ஒருவரோடு முடிவதன்று; அடுத்து வருபவருக்கும் இங்கே இடம் உண்டு. இல்லத்தில் ஒரு சுவரை நூலுக்கு ஒதுக்குவது அந்த வாக்குறுதியை நிறைவேற்றும் செயலாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுச் சுவர் ஒன்றை அளந்து, அதற்கேற்ற அலமாரியின் வரைபடத்தை அளவுகளுடன் வரைக. அதில் எத்தனை நூல்கள் அடங்கும் எனக் கணக்கிடுக.

2. உங்கள் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் எது என்பதை அவர்களிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.

3. வகுப்பறைக்கு வண்ணப்பட்டை முறையில் சிறு நூலகம் ஒன்றை அமைத்து, இரவல் ஏடு பேணுக.

4. ‘நூலைச் சேர்ப்பதினும் பகிர்வதே சிறப்பு’ – ‘சேர்த்தால்தான் பகிர இயலும்’ என்னும் தலைப்புகளில் சொற்போர் நிகழ்த்துக.