ஒப்புரவும் ஓர் ஒளிக்கருவித் தொழிற்சாலையும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருள் யார் யார்க்கு உரியது என்று நடுநின்று வகுத்தலோ மிக அரிது. திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும், அதனையடுத்து ஈகை என வேறோர் அதிகாரமும் வைத்தனர். இரண்டும் பிறர்க்குப் பயன்படுதலே யாயின், இரண்டாகப் பிரித்தது எற்றுக்கு என்னும் வினா எம் வகுப்பில் எழுந்ததுண்டு. வறியார்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. தான் வாழும் உலகிற்குத் தான் பட்ட கடனையறிந்து ஒழுகுவது ஒப்புரவு. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஜெர்மனி நாட்டுப் பெருந்தொழிற்சாலை யொன்றின் சட்டத்திலேயே இடம் பெற்றது. அவ்வரலாற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

கார்ல் ஸைஸ் என்பார் 1846ஆம் ஆண்டில் யேனா என்னும் சிறு நகரில் கருவிகள் செய்யும் பட்டறை யொன்றைத் திறந்தார். அக்காலத்தே நுண்ணோக்கியின் வில்லைகளைத் தேய்த்துப் பார்த்து, பொருந்தாதவற்றை நீக்கிப் பொருந்துவனவற்றைக் கொள்வதே வழக்கம். கைத்திறனே யன்றிக் கணக்கு அதற்கு இல்லை. இக்குறையை நீக்க விரும்பிய ஸைஸ், 1866இல் யேனாப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்த எர்ண்ஸ்ட் அபே என்னும் இளைஞரைத் துணைக்கொண்டார். நுண்ணோக்கி எத்துணை நுண்ணிய பொருளைப் பிரித்துக் காட்டவல்லது என்னும் எல்லையை அபே 1873இல் வகுத்துரைத்தார். ஓட்டோ ஷொட் என்னும் கண்ணாடி வல்லுநரும் உடன்சேர, 1884இல் கண்ணாடித் தொழிற்சாலை யொன்றும் எழுந்தது. கைத்திறனும் கணக்கும் கண்ணாடியும் ஒன்றுகூடவே பட்டறை பெருந்தொழிற்சாலை யாயிற்று. பங்காளியாகிய அபே பெருஞ்செல்வ ரானார்.

ஆயினும் அபே செல்வர் மனையிற் பிறந்தவரல்லர். அவர்தந்தை ஐஸனாக் நகரத்து நூலாலை யொன்றில் உழைத்தவர். நாளொன்றுக்கு 14 மணி முதல் 16 மணி வரை வேலை. இடையே ஓய்வென்பது இல்லை. சிறுவனாகிய அபே உணவு கொண்டு சென்றால், தந்தை எந்திரத்தருகே நின்றபடியே விரைந்துண்டு கலத்தைத் திருப்பிக் கொடுப்பார். ஐம்பது வயது நிரம்புமுன்னரே அவர் முதியவர்போலத் தளர்ந்துவிட்டார் என்று அபே பிற்காலத்தில் ஒரு சொற்பொழிவிற் கூறினார். அத்தந்தையின் முதலாளியே மகனது படிப்பிற்குப் பொருளுதவி செய்தார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. மகனுக்கு ஈகை கிடைத்தது. தந்தைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. இரக்கத்தாற் கிடைப்பது வேறு, உரிமையாற் கிடைப்பது வேறு என்னும் உண்மையை அபே நூலிற் கற்கவில்லை. தம் இல்லத்திலேயே கண்டறிந்தார்.

1888இல் கார்ல் ஸைஸ் இறந்தார். மறுவாண்டே அபே அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்; தம் பெயரை அதற்கு இடவில்லை. 1891இல் தொழிற்சாலையில் தமக்கிருந்த உரிமையை அதற்கு எழுதிக் கொடுத்துத் தாம் சம்பளம் பெறும் நிர்வாகிகளுள் ஒருவரானார். பல்கலைக் கழகத்தின் அறிவும் பலநூறு தொழிலாளர் கைத்திறனும் சேர்ந்து விளைத்த ஊதியம் ஒருவர்க்கே உரியதாகாது என்பது அவர் கொள்கை.

அக்கட்டளையின் சட்டம் 1896இல் வகுக்கப்பட்டது. ஒருவரை வேலையில் அமர்த்தும்போது அவர் பிறப்பு, சமயம், அரசியற் கட்சி இவற்றை நோக்கலாகாது. உறுதி செய்த கூலியைத் தொழில் மந்தத்தைக் காட்டிக் குறைத்தலாகாது. முதுமையிலும் நோயிலும் உதவிப்பணம் பெறுதல் தொழிலாளியின் உரிமை. குற்றமின்றி நீக்கப்பட்டவர்க்கு ஈட்டுப்பணம் உண்டு. எல்லாவற்றினும் எம் கருத்தைக் கவர்ந்தது பிறிதொன்று: எத்துணை உயர்ந்த அதிகாரியாயினும், நெடுநாட் பணிபுரிந்த தொழிலாளியின் சராசரி ஆண்டு வருவாயைப் போலப் பதின்மடங்கிற்கு மேற் சம்பளம் பெறலாகாது. தலைவர் வருவாய் உயரவேண்டுமாயின் தொழிலாளர் வருவாய் முன்னர் உயர்தல் வேண்டும். மேலும், யேனாப் பல்கலைக் கழகத்திற்குக் கட்டளை பெரும்பொருள் உதவியது. நூல்நிலையமும் மண்டபமும் அமைந்த மக்கள் மாளிகை 1903இல் நகரத்தார்க்காகத் திறக்கப்பட்டது.

இவ்வாறெல்லாம் செய்தால் தொழில் நலியாதோ எனின், அபே அதற்கும் விடை வைத்திருந்தார். 1900ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வேலை நேரம் 9 மணியினின்றும் 8 மணியாகக் குறைக்கப்பட்டது. செய்த வேலைக்கேற்பக் கூலிபெறும் 233 தொழிலாளர்களின் கணக்கை, மாறுதலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வோராண்டு எடுத்து அவர் ஒப்பிட்டனர். ஒன்பது மணி வேலையை எட்டு மணியில் முடிக்க மணிக்கு நூற்றுக்கு 12.5 பங்கு வேலை கூடுதல் வேண்டும். கூடியதோ 16.2 பங்கு. எனவே நாள்விளைவு குறையாதது மட்டுமன்று, நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் மிகுந்தது. எந்திரம் ஒன்றும் செய்யாது சுழலினும் விசை செலவாதல் போல, மனிதனும் ஆலையின் இரைச்சலில் நிற்பதனாலேயே களைப்புறுகின்றான்; அவ்வீண் செலவைக் குறைத்து ஓய்வை மிகுத்தால் உழைப்பு வளரும் என்பது அவர் கண்ட காரணம். கூரிய கண்ணும் நடுங்காத கையும் வேண்டும் ஒளிக்கருவித் தொழிலுக்கு இது மிகவும் பொருந்தும். ஆகவே அவருடைய அறம் தொழிலின்மேற் பூசிய பூச்சன்று. தொழிலின் அடித்தளமாகவே நின்றது.

எனினும் உண்மை கூறுவார் ஒருபுறமே கூறலாகாது. அபே 1905இல் மறைந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பிறப்பு நோக்கலாகாது என்று சட்டம் வகுத்த அதே தொழிற்சாலையில் பிறநாட்டவர் பலர் வலிந்து கொணரப்பெற்றுக் கட்டாய வேலை செய்தனர். ஏட்டில் எழுதிய அறம், அதனைக் காப்பார் அஞ்சியவிடத்து ஊமையாயிற்று. போரின்பின் நிறுவனம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பகுதி மேற்கே ஓபர்கோஹனில் வேரூன்றியது. யேனாவிலிருந்த பகுதி 1948இல் அரசுடைமை யாயிற்று. 1990இல் ஜெர்மனி ஒன்றுபட்டபின் இரண்டும் மீண்டும் இணைந்தன. 2004இல் சட்டம் திருத்தப்பெற்று ஸைஸ், ஷொட் ஆகிய இரண்டும் பங்குக் கம்பெனிகளாயின. ஆயினும் அவ்விரண்டிற்கும் அறக்கட்டளையே உடையவர். இன்று கணினிச் சில்லுகளின்மேல் மிக நுண்ணிய கோடுகளைப் பதிக்கும் எந்திரங்களுக்கு வேண்டிய ஆடிகள் ஸைஸ் தொழிற்சாலையிலேயே செய்யப்படுகின்றன.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவிற் பெரிய கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப்பணிக்குச் செலவிடுமாறு பணிக்கின்றது. நன்றே, அதனாற் பயன்பெறுவார் பலர். ஆயின் அது இலாபம் வந்தபின் அதனிற் சிறுபகுதியை எவ்வாறு கொடுப்பது என்று வினவுகின்றது. அபேயோ அவ்விலாபம் எவ்வாறு வருகின்றது, அதனை விளைத்தவர் எத்துணை மணி நின்றனர், முதுமையில் அவர்க்கு என் உண்டு என்று வினவினார். முன்னது ஈகையின்பாற் படும், பின்னதே ஒப்புரவு.

மாணவ நண்பர்களே! நம்முட் பலர் நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அமர்வோம். சிலர் பிறரை ஏவும் இடத்தும் இருப்போம். அந்நாளில் நம் நிறுவனம் கட்டிக் கொடுத்த பள்ளிகளையும் மருத்துவ சாலைகளையும் எண்ணி மகிழ்தல் தகும். அதனோடமையாது, அங்கே நின்றபடியே உணவு கொள்ளும் தந்தை ஒருவர் இருக்கின்றாரோ என்றும் திரும்பி நோக்குவோமாக.