நாய்க்கு இவ்வளவு விலையில் கட்டா?

கேள்வி: எங்கள் நாய்க்கு முன்காலில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. கடையில் ஜெல், தேன் தடவிய பட்டை, கலர் பேண்டேஜ் என்று அடுக்குகிறார்கள். மஞ்சள் பற்று போதாதா? - வாசகி, திருச்சி

பதில்: அடுக்குவதில் பாதி வியாபாரம், மீதி உண்மை. புண் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்பது நம் நினைப்பு. ஆனால் 1962-இல் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் காயத்தைப் பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தார். ஈரம் காத்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. ஜெல், ஆல்ஜினேட் என்ற ஈரம் காக்கும் கட்டு வகையறா எல்லாம் அதன் வாரிசுகள். பன்றியிடம் கற்று, மனிதருக்கு விற்று, இப்போது நாயிடம் வந்திருக்கிறது சரக்கு! 2017 கலிபோர்னியா காட்டுத்தீயில் பாதம் வெந்த கரடிகளுக்குத் திலேப்பியா மீன் தோலையே வைத்துக் கட்டினார்கள் அங்குள்ள கால்நடை மருத்துவர்கள்.

மஞ்சளை அப்பினால் முடியும் அழுக்கும் அதோடு ஒட்டிக்கொள்ளும். டாக்டருக்குப் புண்ணின் நிறமே தெரியாது. சலைன் விட்டுக் கழுவுங்கள். டெட்டால் வேண்டாம், வீட்டில் பூனையும் இருந்தால் அறவே வேண்டாம். கலர் பேண்டேஜை இழுத்துச் சுற்றாதீர்கள். நடு விரல்கள் இரண்டின் நுனி வெளியே தெரியட்டும். அவை வீங்கி விரிந்தாலோ சில்லிட்டாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். நனைந்த கட்டையும் அப்படியே விடக்கூடாது. முதலில் வாங்க வேண்டியது, நக்காமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு. வேறு நாய் கடித்த காயமோ, புழு வைத்த புண்ணோ என்றால் கடைப் பக்கமே போகாமல் நேரே கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.