புதிய கைப்பேசியும் இனாம் செயலிகளும்

புதிதாகக் கைப்பேசி வாங்கிய மிராசுதாரர்கள், இனாமாகக் கிடைக்கிறதென்று கண்ட செயலிகளையெல்லாம் அதில் ஏற்றிக்கொள்வது உசிதமன்று. விதையைப் போலவே செயலியையும் பரீட்சித்தே எடுத்தல் வேண்டும்.

முதலாவது பரீட்சை, வெளியிட்டவர் யாரென்று பார்த்தல். 2018-ம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் வெளியிட்ட ‘உழவன்’ செயலியில் மானியத் திட்டங்கள், விதை உர இருப்பு, சந்தை விலை முதலியவற்றைத் தமிழிலேயே அறியலாம். 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ‘மேகதூத்’, ஜில்லாவாரியாக வானிலையும் பயிர் யோசனையும் தருவது. ‘தாமினி’ மின்னல் அபாயத்தை எச்சரிப்பது. வயலில் வேலை செய்வோருக்கு இது அவசியம்.

இரண்டாவது, செயலி கேட்கும் அனுமதியைக் கவனித்தல். வானிலைச் செயலி நாமிருக்கும் இடத்தைக் கேட்பது நியாயம். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்குமாயின் உடனே நீக்கிவிடுக. பாங்கியின் ரகசிய எண் குறுஞ்செய்தியிலேயே வருகிறது. அது பிறர் கைக்குப் போனால், நெல் விற்ற பணமும் போய்விடக்கூடும். மானியமென்றும் கடனென்றும் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பைத் தொடலாகாது. ப்ளே ஸ்டோரிலிருந்தே ஏற்றிக்கொள்க. அங்கும் வெளியிட்டவர் பெயரைப் பார்த்தல் அவசியம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயங்களைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக.