திரையில் கூடும் மன்றம்

கூட்டத்திற்கு வந்தவர் யார் என்பதை வருகைப் பதிவேட்டிலுள்ள கையொப்பம் கூறும். அங்கத்தினர் வேற்றூரிலிருந்து காணொலி வாயிலாகக் கலந்துகொண்டால் யாது செய்வது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்தல ஸ்தாபனங்களின் கூட்டங்களுக்கென 1953இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தை இதன்பொருட்டு நாம் நோக்குவோம்.

வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்னதாக ஒட்டப்படல் வேண்டும். தொலைவிலிருந்து கலந்துகொள்வது பற்றிய பொது விதியின்படி, அங்கத்தினர் அமரும் இடத்திலும் அதனை ஒட்டவேண்டும். பொதுமக்கள் அவ்விடத்திற்கு வர வழியும் இருத்தல் வேண்டும். கோரத்திற்குரியோர் ஸ்தாபனத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டும். பெயர் கூறி அழைத்தே வாக்குப் பெறுவர். திரையில் தூக்கிய கை யாருடையது என்பது எளிதில் விளங்காதன்றோ!

2022இல் நிறைவேறிய திருத்தமொன்று, தக்க காரணமுடையோர்க்கு இடத்தைத் திறந்துவைப்பதினின்று விலக்களித்தது. ஆயினும், தம் அறையில் 18 வயது நிரம்பிய பிறர் எவரேனும் உளரா, அவர் தமக்கு என்ன உறவு என்பதைத் தீர்மானத்திற்கு முன்னரே அங்கத்தினர் வெளிப்படக் கூறவேண்டுமென்றது. இவ்விதியே நம்மைப் பெரிதும் கவர்ந்தது. கடன் மனு பரிசீலனைக்கு வருங்கால், திரைக்கு அப்பால் நிற்பவர் மனுதாரரின் மைத்துனராக இருத்தல் கூடுமே!

ஒளிபரப்புத் தடைப்பட்டால், அது சீர்படும்வரை எத்தீர்மானமும் செய்தலாகாது என்றும் அத்திருத்தம் விதித்தது. மின்சாரம் நின்ற பின்னும் மினிட் புத்தகத்தில் தீர்மானங்கள் வளர்ந்துகொண்டிருந்த சங்கம் ஒன்றை நாம் கண்டதுண்டு.