மானிப்பாய் வகுப்பறையில் ஆங்கிலமும் அறிவியல் தமிழும்

அறிவியலைக் கற்பிக்கும் மொழி, கற்றவர் யாருக்குப் பணிபுரிவார் என்பதையும் பெரிதும் வரையறுக்கிறது. இதற்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் மருத்துவ வகுப்பு சான்றாகும். 1848இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கு மேலை மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலவழிப் பயின்றோர் பலர் அரசுப் பணி நாடி ஊரைவிட்டு அகன்றனர். ஊராருக்கு மருத்துவர் வேண்டுமெனக் கருதிய கிறீன், 1864 முதல் தமிழில் கற்பித்தார்.

பயிற்றுமொழி மாறவே தமிழ்ப் பாடநூல்கள் தேவைப்பட்டன. 'இரண வைத்தியம்' (1867), 'கெமிஸ்தம்' (1875) முதலியன வெளிவந்தன. பின்னதன் தலைப்பு, ஆங்கிலச் சொல் தமிழ் ஒலிமரபுக்கு இயைந்தமையைக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பில் கிறீனின் மாணவர்களும் பங்கேற்றனர். ஆங்கிலம் பயிற்றுமொழி என்னும் நிலையிலிருந்து நீங்கினும் மூலநூல்களின் மொழியாக நிலைத்தது. அதன்வழி அறிவியல் கற்ற மாணவரே அறிவியலைத் தமிழில் எழுதுவோராயினர்.