வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி கோணத்தைப் பாரு, தம்பி

பழைய ஜீப்புக்கு வேற எஞ்சின் ஏத்தி, ஸ்பிரிங்கையும் உயர்த்திட்டியா? சந்தோஷம். ஆனா எஞ்சின் மவுண்ட்டுக்கும் ஆக்ஸில் மேல இருக்கிற ஸ்பிரிங் பேடுக்கும் இப்பவே முழு வெல்டிங் வேண்டாம். டேக் மட்டும் அடிச்சு நிறுத்து. புரொப்பல்லர் ஷாஃப்ட் எந்தக் கோணத்துல நிக்குதுன்னு தெரிஞ்ச பிறகுதான் மிச்சம்.

காரணம் ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் இருக்கிற சின்ன யூ.ஜே. (யூனிவர்சல் ஜாயிண்ட்) கிராஸ்ல இருக்கு. கோணத்துல சுத்தும்போது, உள்ளே வர்ற சுற்று சீரா இருந்தாலும் வெளியே போறது சீரா இருக்காது. ஒவ்வொரு சுற்றுலயும் ரெண்டு தடவை வேகம் கூடும், ரெண்டு தடவை குறையும். 3 டிகிரின்னா அந்த ஏற்ற இறக்கம் ஒரு சதவீதத்துல கால் பங்கு அளவுதான் இருக்கும். 10 டிகிரின்னா, 3,000 ஆர்.பி.எம். உள்ளே வந்து, வெளியே 2,954-க்கும் 3,046-க்கும் நடுவுல அலையும். அதுவும் நொடிக்கு 100 தடவை. வண்டி அதிராம என்ன செய்யும்? 1676-ல விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இந்த ஜாயிண்ட்டைப் பத்தி எழுதினப்பவே இந்த ஏற்ற இறக்கம் அவருக்குத் தெரியும். சூரியக் கடிகாரத்துல மணிக்கோடு போட அதையே பயன்படுத்தலாம்னு சொன்னவர் அவர். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

நமக்கு அந்த அலைச்சல் வேண்டாம். முன் கிராஸ் கெடுக்கிறதைப் பின் கிராஸ் சரிக்கட்டணும். அதுக்கு ரெண்டு கோணமும் சமமா இருக்கணும்; அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து வர்ற ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியல் பினியனும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கணும். ஒரே கோட்டுல இருக்கணும்னு இல்ல, இணையா இருந்தா போதும்.

அளக்கிறப்ப வண்டி சமதரையில, நாலு சக்கரத்துலயும் நிக்கணும். சீட், ஸ்டெப்னி, டீசல் எல்லாம் வண்டியில இருக்கட்டும். ஜாக்குல தூக்கி ஆக்ஸில் தொங்குறப்ப எடுத்த அளவு ஓட்டத்துக்கு உதவாது. காந்தத்தோட வர்ற டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒண்ணு வாங்கிக்கோ. மூணு இடத்துல வை: டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச். டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்பக்கமா 3 டிகிரி சரிவு, குழாய் 5.5, பினியன் 3-ன்னு வந்தா, ரெண்டு கிராஸ்லயும் 2.5. அருமை. அதே பினியன் மட்டமா, சைபர்ல நின்னா பின் கிராஸ் 5.5 ஆயிடும், அதிரத்தான் செய்யும். ஒவ்வொரு கிராஸும் 1-லிருந்து 3 டிகிரிக்குள்ள, ரெண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்கு மேல போகாம வை. சைபர் நல்லதுன்னு நினைச்சுடாதே. கொஞ்சமாவது கோணம் இருந்தாதான் உள்ள இருக்கிற ஊசி ரோலர் உருளும். இல்லேன்னா ஒரே இடத்துல அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்துடும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கு ஒரு சங்கதி கூடுதலா இருக்கு. ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா பினியன் மூக்கு மேல எழும்பும். அதனால நிக்கிறப்பவே 1, 2 டிகிரி தாழ்த்தி வை. ஸ்பிரிங்குக்கு அடியில ஆப்பு வைக்கிறதா இருந்தா இரும்பு ஆப்பு. அலுமினியம் நசுங்கி உடையும். முன் ஆக்ஸில்ல மட்டும் இதை யோசிக்காம செய்யாதே, காஸ்டர் மாறி ஸ்டீயரிங் கெட்டுடும்.

வண்டி ரொம்ப உயர்ந்து, ஷாஃப்ட்டும் குட்டையா இருந்தா 3 டிகிரிக்குள்ள அடங்காது. அப்ப டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ரெட்டைக் கிராஸ் ஷாஃப்ட் போடு. அதுக்கு இணைக் கணக்கு பொருந்தாது. பினியன் மூக்கு ஷாஃப்ட்டை நேரா பார்க்கணும். ஆனா மூக்கை ரொம்பத் தூக்கிட்டா முன் பினியன் பேரிங்குக்கு ஆயில் எட்டாது, ஞாபகம் வை.

பக்கவாட்டையும் விட்டுடாதே. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புல பின் டிஃபரன்ஷியல் நடுவுல இல்லாம வலப்பக்கம் தள்ளி இருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸும் அதுக்கு நேரா இருக்கும். அங்க நடுவுல டிஃபரன்ஷியல் குண்டு இருக்கிற ஆக்ஸிலை மாட்டினா, ஷாஃப்ட் சாய்ஞ்சு ஓடும். மேல-கீழ 3 டிகிரி, பக்கவாட்டுல 4 டிகிரின்னா கிராஸ் படுற கோணம் 5.

லேத்துல ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டித் தர்றப்ப கிராஸைப் பிடிக்கிற ரெண்டு முனைக் காதும் ஒரே தளத்துல இருக்கான்னு நீயே கண்ணால பாரு. ஸ்ப்ளைன்ல ஒரு பல் மாத்தி மாட்டினாலும் இவ்வளவு கணக்கும் வீண். கழட்டுறதுக்கு முன்னாடி பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கோ. ஸ்லிப் ஜாயிண்ட், வண்டி தரையில நிக்கிறப்ப, முழுசா உள்ள போன நிலையில இருந்து 25 மி.மீ. போல வெளிய இருக்கட்டும்.

ஓட்டிப் பார்க்கிறப்ப, மிதிச்சா ஒரு மாதிரி, காலை எடுத்தா வேற மாதிரி அதிர்ந்தா முதல்ல கோணத்தைச் சந்தேகப்படு. எப்படி ஓட்டினாலும் குறிப்பிட்ட வேகத்துலதான் அதிர்வுன்னா பேலன்ஸ் பக்கம் போ. சோதனைன்னு சொல்லி ஜாக்குல நிறுத்தி கியர் போட்டு ஓடவிட்டு அடியில எட்டிப் பார்க்கவே கூடாது. தொங்குற ஆக்ஸில்ல கோணமே வேற, ஒண்ணும் தெரியப்போறதில்ல. சுத்துற ஷாஃப்ட்டுல லுங்கி நுனியோ துண்டோ பட்டா ஆளையே இழுத்துடும்.