கூந்தன்குளம்: கேமராவோடு போகிறவர்களுக்கு

பறவைகளைப் படம் பிடிக்க ஆசை வந்ததும் முக்கால்வாசிப் பேர் வண்டியைத் திருப்புவது வேடந்தாங்கலுக்குத்தான். நீங்கள் நெல்லைக்கு ரயில் ஏறுங்கள். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கத்தில் இருக்கும் கூந்தன்குளத்தைப் போல, பறவைகள் குடும்பம் நடத்துவதை இத்தனை கிட்டே நின்று பார்க்க இன்னோர் இடம் தமிழ்நாட்டில் எனக்குக் கிடைத்ததில்லை. பறக்கிற படமும் நிற்கிற படமும் எந்தக் குளத்தங்கரையிலும் எடுக்கலாம். சுள்ளி கொண்டுவருவது, பக்கத்துக் கூட்டிலிருந்து அதைத் திருடுவது, உச்சி வெயிலில் குஞ்சுக்கு நிழல் கொடுப்பது, இரையைக் கக்கி ஊட்டுவது, இதையெல்லாம் எடுக்க ஆசை இருந்தால் இங்கே வாருங்கள். வந்தபின் மரத்துக்கு மரம் அலையக் கூடாது. ஒரு மரம், அதில் ஒரு கூடு என்று முடிவு செய்து, காலை முழுவதும் அதையே பார்க்க வேண்டும். கூந்தன்குளத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இதைச் செய்யாதவர்கள்தான்.

எப்போது போவது? வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் குளத்தை நிரப்ப வேண்டும். நிரம்பினால் டிசம்பர், ஜனவரியில் கூடு கட்டும் வேலை தொடங்கிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் குஞ்சுகளின் சத்தம் காதைத் துளைக்கும். மாசி மாதம் எனக்குப் பிடித்தது. வடக்கே இருந்து வந்த வரித்தலை வாத்துகள் அப்போது இன்னும் கிளம்பியிருக்காது, குஞ்சுகளும் வளர்ந்துகொண்டிருக்கும், வெயிலும் காலையில் தாங்கும்படி இருக்கும். மழை பொய்த்த வருஷம் போகவே போகாதீர்கள். கிளம்புவதற்கு முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து 35 கிலோமீட்டர் சொச்சம். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். பஸ் உண்டு, ஆனால் விடியற்காலைக்கு அதை நம்ப முடியாது. நெல்லையில் ராத்தங்கி, நாலரை மணிக்குக் கார் வரச் சொல்லிவிடுங்கள். வாடகை பேசும்போது வெயிட்டிங்கையும் சேர்த்தே பேசி முடித்துவிடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது தகராறு. ஊரில் பெரிய ஓட்டல் எதுவும் கிடையாது. இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பிறகு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த இடம் இது. பரப்பளவு 130 ஹெக்டேருக்கும் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பறவைகள் அந்த எல்லைக்குள் அடங்கி இருப்பதில்லை. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்கள் நிறைந்ததும் ஊருக்குள் வந்துவிடும். தெருவோர வேம்பிலும், வீட்டுக் கொல்லைப் புளியமரத்திலும் கூடு இருக்கும். கீழே துணி காயும், பிள்ளைகள் விளையாடும், மேலே நாரை அடைகாக்கும். எச்சம் முற்றமெல்லாம் விழும், நாற்றமும் உண்டு. ஊர்க்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி இந்த ஊர்க்காரர். 2020இல் காலமானார். இங்கே நாம் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அவரைப் போன்றவர்களின் பாடு இருக்கிறது.

ஆகையால் வீட்டு வாசலில் கேமராவைத் தூக்குவதற்கு முன் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். நான் ஒரு வேப்பமரத்தடியில் நின்றபோது அந்த வீட்டுப் பாட்டி வெளியே வந்து, "வாசல்லயே நின்னு எடுத்துக்கிடுங்கய்யா. மரத்தடிக்குப் போவாதிய, குஞ்சு பொரிச்சிருக்கு. தலப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த புள்ள மாதிரி அதுவ" என்றார். பிறகு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். திண்ணையில் உட்கார்ந்து எடுத்த காட்சிகள்தான் இதுவரை நான் எடுத்ததிலேயே நல்லவை.

அந்த மரத்தில் இருந்தது சங்குவளை நாரை. இதற்காகவே வரலாம். மஞ்சள் அலகு, ஆரஞ்சு முகம், மார்புக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால்பக்கம் சாயம் தோய்த்தது போன்ற ரோஜா நிறம். அழகைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள், காத்திருங்கள். எட்டரை மணிக்குமேல் வெயில் ஏறும்போது தாயோ தகப்பனோ எழுந்து சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கும். இரண்டு இறக்கைகளையும் பாதி விரித்துத் தொங்கவிடும். அதன் நிழல் கச்சிதமாகக் குஞ்சுகள் மேல் விழும். வெயில் நகர நகர அதுவும் அங்குலம் அங்குலமாகத் திரும்பும். அப்போது காலைப் பாருங்கள், வெள்ளையடித்தது போல இருக்கும். நாரை தன் எச்சத்தைத் தன் கால்மேலேயே விட்டுக்கொள்ளும், அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூடு தணியும். இணைப்பறவை வந்து இறங்கியதும் இரண்டும் தலையைத் தாழ்த்தி உயர்த்தி அலகைத் தட்டிக்கொள்ளும். வளர்ந்த சங்குவளை நாரைக்குக் குரல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அலகுச் சத்தம்தான் பேச்சு. கத்துவதெல்லாம் குஞ்சுகள். வந்த பறவை மீனைக் கூட்டின் தரையில் கக்கும், குஞ்சுகள் பாய்ந்து பொறுக்கும். இத்தனையும் நடப்பது சில நொடிகளில். பொத்தானை அழுத்த யோசித்தால் போயிற்று.

வீடியோ எடுப்பவர்கள் துண்டு துண்டாக எடுக்க வேண்டாம். பறவை சும்மா நிற்கிறது என்று நிறுத்தினீர்களானால், நிறுத்திய மறுகணம் அது ஏதாவது செய்யும். கேமராவை ஓடவிட்டு, கண்ணால் பக்கத்துக் கிளையைக் கவனியுங்கள். நொடிக்கு 50 பிரேம், ஷட்டர் 1/100 வைத்தால் அசைவு இயல்பாக இருக்கும். இறங்கும் காட்சிக்கு மட்டும் 100 அல்லது 120 பிரேமுக்கு மாற்றி ஸ்லோமோஷனில் பாருங்கள், கடைசிக் கணத்தில் கால்கள் முன்னே நீண்டு வருவது தனி அழகு. புகைப்படம் என்றால் பறக்கும் பறவைக்கு 1/1600க்குக் கீழே இறங்காதீர்கள். வெள்ளை இறகு வெளுத்துப்போவது இங்கே பெரிய தொல்லை. எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்தே வையுங்கள். கிளை, இலை குறுக்கே வந்தால் ஆட்டோஃபோகஸ் அலையும், கூட்டை ஒருமுறை ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஊருக்குள் 400 மில்லிமீட்டர் லென்ஸ் தாராளம். 600 இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. தெரு குறுகல், மூன்றுகால் ஸ்டாண்டை விரித்து வழியை அடைக்காதீர்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்ட் போதும், அல்லது துணிப்பையில் பயறு நிரப்பித் திண்ணைமேல் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். மைக்குக்குப் பஞ்சு உறை மறக்காதீர்கள், நாங்குநேரி சீமையின் காற்று சத்தத்தையெல்லாம் தின்றுவிடும்.

கேமரா இல்லாதவர் குறைபட வேண்டாம். 8x42 பைனாகுலரும் ஒரு நோட்டும் இருந்தால் என் கணக்கில் நீங்கள்தான் அதிகம் பார்ப்பீர்கள். எத்தனை மணிக்கு இணை மாறியது, எத்தனை தடவை இரை வந்தது என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

அடுத்ததாகக் கூழைக்கடாவைப் பாருங்கள். குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையையே நுழைத்து மீன் எடுக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். வெயிலில் அந்தப் பை விடாமல் படபடக்கும், அதுவும் சூடு தணிக்கும் வழிதான். நத்தைகுத்தி நாரையைத் தேட வயல்பக்கம் போங்கள். அலகின் நடுவே இடைவெளி இருக்கும். சேற்றில் நத்தையைப் பிடித்துச் சதையை மட்டும் உருவுவதைப் படமெடுத்துவிட்டால் அன்றைய நாள் முழுமை. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பாம்புத்தாரா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா எல்லாம் உண்டு. நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் நேரம் செலவழிக்க வேண்டாம், அவற்றை வேறெங்கும் எடுக்கலாம்.

இப்போது சொல்லப்போவதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. குளக்கரையில் கூழைக்கடா மரத்துக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லார் கழுத்திலும் விலையுயர்ந்த லென்ஸ். அவர்களை அழைத்துவந்த ஆசாமி உள்ளூர்க்காரன் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு "பறக்குற ஷாட் நான் வாங்கித் தாரேன்" என்று சொல்லிக் கூட்டிவந்தவன். எல்லாரும் ரெடியா என்று கேட்டான், மரத்தடிக்குப் போய்க் கையைத் தட்டினான், கல்லெடுத்து அடிமரத்தில் எறிந்தான். ஒரே நேரத்தில் அத்தனை பறவையும் எழுந்தது. இவர்கள் கேமராக்கள் படபடவென்று ஓடின. கூடுகள் வெறிச்சென்று கிடந்தன. பறவைகள் திரும்புவதற்குள் காக்கைகள் வந்துவிட்டன. ஒரு காக்கை முட்டையைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தேன். கிளை நுனியில் நின்ற ஒரு குஞ்சு தடுமாறிக் கீழே விழுந்தது. நான் கத்தினேன், ஒருவரும் திரும்பவில்லை. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி கம்போடு ஓடிவந்தபிறகுதான் வேனில் ஏறினார்கள். குஞ்சை அவர் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அப்படிப்பட்ட ஆள் உங்களிடமும் வருவான். காசு கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது. கண்டால் வனத்துறை ஊழியரிடம் உடனே சொல்லுங்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது. கூடு மறைக்கிறது என்று கிளையை ஒடிப்பவரைப் பார்த்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் சரணாலயத்தில் பறக்கவிட முடியாது. போதாததற்கு, பக்கத்து விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. அதன் உயரமான கோபுரங்கள் பக்கம் லென்ஸைத் திருப்பி வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

பத்து மணிக்குமேல் தூரத்துப் பறவைகளை எடுப்பது வீண். தண்ணீர்மேல் கானல் எழும்பி எவ்வளவு நல்ல லென்ஸிலும் படம் கலங்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு மரநிழலில் தூங்குங்கள். மூன்றரைக்கு எழுந்து காவல் கோபுரத்துக்குப் போங்கள். வரித்தலை வாத்துகள் பகலெல்லாம் குளத்தில் ஓய்ந்திருந்து, பொழுது சாயும்போது வயலுக்கு மேயக் கிளம்பும். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும், அடையாளம் அதுதான். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகின்றன. ஜி.பி.எஸ். பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கும் மேலே பறப்பது பதிவாகியிருக்கிறது. கிளம்பும் முன் கூட்டமாகச் சத்தம் போடும், கழுத்தை நீட்டும், ஒன்று திரும்பி நிற்கும், மற்றவையும் அதே திசைக்குத் திரும்பும். இந்த அறிகுறி தெரிந்தால் கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கை தட்டாமலேயே அந்தப் பறக்கும் காட்சி கிடைத்துவிடும்.

வேடந்தாங்கலைப் பற்றிக் கேட்பீர்கள். 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு போட்ட இடம், அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஏரி. மதிப்பு உண்டு. ஆனால் மரங்கள் தண்ணீருக்கு நடுவே தள்ளி நிற்கின்றன, 600 லென்ஸ் இல்லாமல் நடத்தையைப் படமெடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், புளூடூத் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு கேட்டபடி நடப்பவர்களுக்கு நடுவே மைக்கை நீட்டிப் பயனில்லை. சென்னைக்காரர்கள் வாரநாளில் அதிகாலையில் போகலாம், கையோடு பக்கத்துக் கரிக்கிலி சரணாலயத்தையும் பார்த்துவிடலாம், அங்கே கூட்டம் குறைவு.

நெல்லையில் பிறந்த மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வைத்துக்கொண்டு காட்டுயிர்களுக்காகக் காத்துக் கிடந்தவர். நம் கையில் இருக்கும் கருவியில் நூற்றில் ஒரு பங்கு வசதி அவருக்கு இருந்திருக்காது. நமக்கு வேண்டியது அந்தப் பொறுமை.

வீடு திரும்பியதும் பார்த்த பறவைகளின் பட்டியலை இபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். ஆண்டுதோறும் எது எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்பதை அறிய அந்தப் பட்டியல்கள் உதவுகின்றன. ஊருக்குள் எடுத்த படங்களை வெளியிடும்போது எந்த வீட்டு மரம் என்று குறிப்பிடாதீர்கள். கைபேசிப் படத்தில் இருப்பிடக் குறிப்பு தானாகப் பதிந்திருக்கும், அதை அழித்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் அந்த வேன் அந்தப் பாட்டி வீட்டு வாசலில் போய் நிற்கும்.